ரெண்டாவது மெஷின்

இல்ல தம்பி, மேல வைக்க வேண்டாம். மடியிலயே இருக்கட்டும். கண்டக்டரும் அதையேதான் சொன்னாரு. லக்கேஜ் டிக்கெட் போட்டுருவேன்னு மிரட்டிக்கூடப் பாத்தாரு. போட்டா போடட்டும். பஸ்ஸு ஒரு பள்ளத்துல ஏறி இறங்குச்சுன்னா மேல இருந்து விழுந்து, உள்ள என்னமும் ஆயிப்போச்சுன்னா, பொறவு நான் கோயம்புத்தூர் வரைக்கும் போயி என்ன பிரயோசனம்?

இதுவா? கம்ப்யூட்டர்தான். நம்பலையா? டிவி மாதிரி மூஞ்சி கிடையாது, தட்டுறதுக்கு ஒண்ணும் கிடையாது. ஒரு டிபன் பொட்டி அளவுதான். ஒயரச் சொருகி ஒரு மூலையில வச்சுட்டா அதுபாட்டுக்கு ஓடும். மச்சினன் வீட்டுல வைக்கப் போறேன். அவன்கிட்ட இன்னும் சொல்லல. சொல்லிட்டுப் போனா வேண்டாம்பான். வாசல்ல போயி நின்னுட்டா என்ன செய்வான், அக்கா புருசனை வெளிய போன்னு சொல்லுவானா?

நீங்க எங்க இறங்கணும், பல்லடமா? அப்ப நேரம் கெடக்கு. சன்னல் பக்கம் வேணும்னா சொல்லுங்க, மாறிக்கிடலாம்.

எனக்கு ஆத்தங்கரை ஊரு. தாமிரபரணி கடலுக்குப் போற பக்கம், சுத்தி வாழை. பேரு ஞானதிரவியம். பாலிடெக்னிக்ல கம்ப்யூட்டர் லேப் பாத்தேன், இப்ப அதுவும் இல்ல. எனக்குன்னு ஒரு வேலை இருந்துச்சு தம்பி. யாருக்கும் புரியாத வேலை. உங்களுக்குச் சொல்லுதேன், கேளுங்க.

நீங்க ஃபோன்ல ஒரு பேரைத் தட்டுறீங்க. ஏதோ ஒரு ஸ்கூலு, ஏதோ ஒரு கடை. ஃபோனுக்குப் பேர் தெரியாது. அதுக்கு நம்பர்தான் தெரியும். இந்தப் பேர்க்காரன் எந்த நம்பர்ல இருக்கான்னு கேட்டா சொல்லுறதுக்கு எங்கயோ ஒரு மெஷின் இருக்கணும். அதுக்குத்தான் நேம் சர்வர்னு பேரு. அது பதில் சொன்னாத்தான் உங்க ஃபோன் அடுத்த அடி வைக்கும். எல்லாரும் இதைப் பெரிய கம்பெனிக்காரன்கிட்ட விட்டுருவாவ. நான் விடல. எங்க வீட்டு முன்னறையில, என் மெஷின்ல, நானே வச்சு நடத்துனேன். எங்க சர்ச், ரெண்டு ஸ்கூலு, டயாலிசிஸ் சென்டர், எல்லாருக்கும் பேர் சொல்லி அனுப்புறது என் வீடுதான். உலகத்துல எவன் எங்க ஊர் சென்டரைத் தேடுனாலும் முதல்ல என் வீட்டுக் கதவைத் தட்டணும். அதுல ஒரு இது இருக்கா இல்லையா?

இதுல ஒரு விசயம். ஒரு பேரைப் பதியணும்னா ரெண்டு நேம் சர்வர் கேப்பான். ஒண்ணு படுத்துட்டா இன்னொண்ணு பதில் சொல்லணுமாம். ரெண்டும் வேற வேற ஊர்ல, வேற வேற லைன்ல இருக்கணுமாம். நான் என்ன செஞ்சேன் தெரியுமா? ஒரே மெஷினுக்கு ரெண்டு பேர் வச்சேன்! வெளிய இருந்து பாக்குறவனுக்கு ரெண்டு, உள்ள வந்து பாத்தா ஒண்ணு. ஒருத்தனும் கண்டுபிடிக்கல. வருசக்கணக்கா ஓடுச்சு.

கண்டுபிடிச்சது அந்தப் பய ஒருத்தன்தான். கிப்சன். என் வீட்டுக்காரியோட தம்பி. கோயம்புத்தூர்ல ஒரு பம்பு கம்பெனியில கம்ப்யூட்டர் பாக்கான். நான்தான் அவனுக்கு முதமுதல்ல கம்ப்யூட்டர் தொட்டுக் காட்டுனது. அது இப்ப அவனுக்கு ஞாபகம் இருக்குமா என்னமோ.

சென்டருக்கு ஆண்டு விழா. எப்சிபா டாக்டர்தான் அந்த சென்டரை நடத்துறாவ. தங்கமான அம்மா, தப்புச் சொல்ல மாட்டேன். ஆனா ஆள் பேச்சக் கேட்டுருவாவ. விழாவுல சாப்பாடு நடக்குது. நானும் கிப்சனும் டாக்டரும் ஒரே வரிசையில இருக்கோம். அவன் என்கிட்ட நல்லாத்தான் ஆரம்பிச்சான்.

"அத்தான், ரெண்டாவது மெஷின் ஒண்ணு எங்க வீட்டுல போட்டுருவோம். நீங்க உங்க மெஷின்ல எதை மாத்துனாலும் அது தானா வந்து காப்பி எடுத்துக்கிடும். நான் அதத் தொடக்கூட மாட்டேன்."

"பாப்போம்டே," ன்னேன்.

அத்தோட விட வேண்டியதுதானே? விடல. டாக்டர் பக்கம் திரும்பி, "டாக்டரம்மா, உங்க சென்டர் மொத்தமும் அத்தான் வீட்டு ஒத்தை ஒயர்ல தொங்கிக்கிட்டு இருக்கு, பாத்துக்கோங்க"ன்னு சொல்லுதான். சிரிச்சுக்கிட்டே சொல்லுதான். பரிமாறுற பய உட்பட எல்லாரும் என்னைத் திரும்பிப் பாக்குதாவ. எப்பிடி இருக்கும் எனக்கு? கையில வச்ச சோறு அப்பிடியே நின்னுச்சு. லில்லியும் எதுக்க இருந்தா. லில்லிபாய், என் வீட்டுக்காரி. தம்பியை ஒரு அதட்டு அதட்டியிருக்கலாம்லா? தலையக் குனிஞ்சுக்கிட்டு சாப்பிட்டா.

கோயம்புத்தூர் போயி அவன் எல்லாத்தையும் தயார் பண்ணிட்டான். ஃபோன் போட்டான். "அத்தான், இங்க ரெடி. உங்க மெஷின்ல ஒரே ஒரு வரி சேக்கணும். இந்த நம்பர்காரன் வந்து காப்பி எடுத்துக்கிடலாம்னு ஒரு வரி. அவ்வளவுதான்."

ஒரு வரிதான். நான் இல்லைங்கல. ஆனா ஒரு வரியா இருந்தாலும் அது என் வீட்டுச் சாவியில்லா? அடுத்த வாரம் பாக்கேன், பள்ளிக்கூட லீவு முடியட்டும், இப்பிடிச் சொல்லிச் சொல்லி விட்டுட்டேன். அவனும் கேட்டுக் கேட்டு ஓஞ்சுட்டான்.

இன்னொண்ணும் சொன்னான் அவன். உலகம் பூரா ஃபோனுங்க நம்மகிட்டக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்ட நம்பரைக் கொஞ்ச நேரம் ஞாபகம் வச்சுக்கிடும். எவ்வளவு நேரம்னு சொல்றது நம்ம இஷ்டம். கிப்சன், "ஒரு நாள் வையுங்க அத்தான், உங்க வீட்டுல கரண்ட் போனாலும் ஒரு நாள் ஓடும்" ன்னான். நான் அஞ்சு நிமிசம்தான் வச்சிருந்தேன். ஏன்னா நான் ஒண்ணை மாத்துனா உடனே எல்லா இடத்துலயும் மாறணும். அதுதான் சுத்தமான வேலை. அது அவனுக்கு எங்க புரியப்போகுது?

பஸ்ஸு நிக்குதே, டீ குடிக்கணுமா? நீங்க போயிட்டு வாங்க. நான் இதை விட்டுட்டு இறங்க மாட்டேன்.

எங்க விட்டேன்? ஆங், சென்டர்.

டயாலிசிஸ்னா தெரியும்லா? கிட்னி வேலை செய்யாது, ரத்தத்தை மெஷின்ல விட்டுச் சுத்தம் பண்ணி உள்ள ஏத்துவாவ. வாரத்துக்கு ரெண்டு தடவ, சிலருக்கு மூணு. ஒரு முறை தவறுச்சுன்னா உடம்புல தண்ணி கட்டும். லில்லி அங்க சும்மா போயி ஃபோன் எடுப்பா. சம்பளம் கிம்பளம் ஒண்ணும் இல்ல. எங்களுக்குப் பிள்ளை இல்ல, வீட்டுல இருந்து என்ன செய்யன்னு போவா. பேசண்ட் எல்லார்கிட்டயும் அவ நம்பர்தான் இருக்கும். பொறவு நான் ஒரு லிங்க் செஞ்சு கொடுத்தேன். ஃபோன்ல அதைத் தொட்டா ஒரு பக்கம் தொறக்கும், உங்களுக்கு என்னைக்கு முறை, எந்த பெட்டு, வேன் எங்க வரும், எல்லாம் வரும். அந்தப் பக்கத்தை வச்சிருந்த மெஷின் சென்னையில வாடகைக்கு எடுத்தது. பக்கம் சென்னையில, பேரு என் வீட்டுல. புரியுதுல்லா?

அந்த லிங்க் தமிழ்ல இருக்கணும்னு சொன்னது பிரம்மசக்திதான். பேசண்டுதான் அவளும். சின்னப் பொண்ணு, பி.எட். முடிச்சவ. "அங்கிள், இங்கிலீஷ்ல போட்டா எங்க அப்பாவுக்கு எப்பிடித் தெரியும்? அவர்தானே என்னைக் கூட்டிட்டு வர்றாரு" ன்னா. பொறவு நான் தமிழ்ல போட, அதுல ஒற்று விட்டுப்போச்சு, 'ர'வுக்கு 'ற' போட்டுட்டீங்கன்னு திருத்திக்கிட்டே இருப்பா. ரத்தம் போற குழாய் கையில சொருகியிருக்கும், இன்னொரு கையில ஃபோனை வச்சுத் தப்புக் கண்டுபிடிப்பா. லில்லியை அத்தைன்னுதான் கூப்பிடுவா. அவ அப்பா லிங்கதுரை. வாழைத்தார் லோடு அடிக்கிற ஆளு, சொந்த டிராக்டர் உண்டு. வாரத்துக்கு ரெண்டு தடவ அந்த டிராக்டர்லதான் மகளைக் கூட்டி வருவாரு. பொண்ணுக்குப் பக்கத்துல ஒரு தலகாணி கட்டி வச்சிருப்பாரு, குலுங்கக் கூடாதுன்னு. ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஊரு.

அந்த வருச மார்கழி மழை உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. உங்க பக்கம் தூறல் போட்டிருக்கும். எங்களுக்கு வானத்தப் பொத்துவிட்ட மாதிரி. ஆத்துல தண்ணி வருதுன்னு மைக்ல சொல்லிக்கிட்டுப் போனான். எப்பவும் சொல்றதுதானேன்னு இருந்தோம். மத்தியானம் பாத்தா தெருவுல தண்ணி, சாயங்காலத்துக்குள்ள வாசப்படி.

நான் முதல்ல எதைத் தூக்குனேன் தெரியுமா? மெஷினை. பீரோ, அரிசி, கட்டில் எல்லாம் பொறவு. மெஷினையும் அந்த யு.பி.எஸ். பேட்டரியையும் மாடிக்குத் தூக்கிட்டேன். கரண்ட் போயிட்டு. ஊரே இருட்டு. என் மெஷின் மட்டும் பச்சை லைட்டு எரிஞ்சுக்கிட்டு ஓடுது. நல்ல கனமான பேட்டரி அது, மெஷினு கொஞ்சமாத்தான் குடிக்கும், தாக்குப்பிடிச்சுது. இன்னைக்கும் சொல்லுவேன், அந்த வெள்ளத்துல ஒரு நிமிசம்கூட என் மெஷின் நிக்கல.

லைனு? நெட் லைன் போயிட்டு தம்பி. தெருவுல இருந்த கம்பத்தைத் தண்ணி சாச்சிருச்சு. அதுல வந்த ஒயரும் போச்சு. அது என் தப்பா? கம்பத்தை நட்டது நானா? அவன் ஒழுங்கா நட்டிருந்தா...

சரி. மறுநாள் காலையில லில்லி ஃபோன்ல சார்ஜ் இல்ல. "என்னங்க, அந்த பேட்டரியில கொஞ்சம் போட்டுத் தாங்க. பேசண்ட் யாராவது கூப்பிடுவாங்க" ன்னா.

"டவரே கிடையாது. யார் கூப்பிடுவா?"

"வந்து வந்து போகுதுன்னு பக்கத்து வீட்டு ஆள் சொன்னாரு."

"இது சர்வருக்கு உள்ளது லில்லி. ஒயரு சரியாச்சுன்னா அந்த நிமிசமே பதில் சொல்லணும். அப்ப பேட்டரி இல்லாம நின்னா என்ன ஆகும்?"

சரியாத்தானே சொன்னேன்? நீங்களே சொல்லுங்க. ஒரு ஃபோனுக்காக மொத்த ஊரோட சர்வரை நிறுத்த முடியுமா? அவ மொட்டை மாடியில போயி நின்னுக்கிட்டா. மழைத்தண்ணி சொட்டச் சொட்ட அங்கனயே நின்னா.

தண்ணி வடிஞ்சது. தெரு பூரா சேறு, வாழைமரம், செத்த ஆடு. கரண்ட் வந்த அன்னைக்குத்தான் அவ ஃபோனை ஆன் பண்ணா. ஆன் பண்ணதும் டிங்கு டிங்குன்னு மெசேஜ். இன்னார் கூப்பிட்டாவ, இன்னார் கூப்பிட்டாவன்னு. அதுல லிங்கதுரை பேரே திரும்பத் திரும்ப. அவ தரையில உக்காந்துட்டா. நான் சொன்னேன், "அது எப்பக் கூப்பிட்டதோ, டவர் இல்லாத நேரத்துல எடுத்தாலும் கேக்கவா போகுது"ன்னு. சமாதானத்துக்குத்தான் சொன்னேன்.

அதுக்குள்ள அந்தப் பொண்ணு போயிட்டா தம்பி.

ஆமா. பிரம்மசக்திதான்.

நடந்தது என்னன்னா, வெள்ளம் வருதுன்னதும் எப்சிபா டாக்டர் ஒரு காரியம் செஞ்சிருக்காவ. நல்ல காரியம். நம்ம சென்டர்ல தண்ணி ஏறிரும்னு தெரிஞ்சு, திருநெல்வேலியில ஒரு ஆஸ்பத்திரியில பேசி பெட்டு வாங்கிட்டாவ. என் வீட்டு லைன் போறதுக்குக் கொஞ்சம் முந்தி அந்த லிங்க் பக்கத்துல ஒரு அறிவிப்பும் போட்டுட்டாவ. காலையில மெயின் ரோட்டு பாலத்துக்கு மேக்க, வாழைக்காய் மண்டி முன்னால வேன் நிக்கும், எப்படியாவது வந்து சேருங்கன்னு. மண்டி இருக்குற இடம் மேடு, தண்ணி ஏறல. லிங்கதுரைகிட்ட டிராக்டர் இருக்கு. அவர் ஊர்ல இருந்து மண்டிக்கு வர டிராக்டருக்கு வழி இருந்துச்சு. வேன் காலையில வந்து நின்னுருக்கு. உச்சி வரைக்கும் நின்னுருக்கு. வந்தவங்களை ஏத்திக்கிட்டுப் போயிட்டு.

லிங்கதுரை தண்ணித் தொட்டி மேல ஏறி நின்னு லிங்கைத் தொட்டுருக்காரு. அங்கதான் கொஞ்சம் சிக்னல் கெடச்சிருக்கு. தொட்டா, இப்பிடி ஒரு இடமே இல்லைன்னு ஃபோன் சொல்லுது. திரும்பத் தொடுறாரு, இல்லைங்குது. சென்டரே வெள்ளத்துல போயிட்டு போலன்னு நினைச்சுட்டாரு. எங்க போறதுன்னு தெரியாம மகளைத் தண்ணிக்குள்ள கொண்டுபோக வேண்டாம், மச்சுல காய்ஞ்ச இடத்துல கெடக்கட்டும்னு வச்சுக்கிட்டாரு. அவளும், "குடிக்கத் தண்ணி வேண்டாம்பா, நான் தாங்கிக்கிடுவேன்" னு சொல்லிக்கிட்டே கெடந்துருக்கா. பொறவு மூச்சு வாங்கியிருக்கு. படுக்க முடியல, உக்காந்தே கெடந்துருக்கா. கடைசியில அவரு டிராக்டரை எடுத்துட்டாரு. பாலம் வரைக்கும் வந்துட்டாரு.

"வெளியிலயும் தண்ணி, அவளுக்கு உள்ளயும் தண்ணி"ன்னு பொறவு சொன்னாரு.

கிப்சன் ஃபோன் பண்ணான் எனக்கு. நலம் விசாரிக்கத்தான்னு நினைச்சேன். "அத்தான், நான் சென்னை மெஷினை நேரா நம்பர் போட்டுத் தொறந்து பாத்தேன். அந்த அறிவிப்பு அங்க அப்பிடியே கெடக்கு" ன்னான். அவ்வளவுதான் சொன்னான். அழுதான் போல. எனக்குக் கோவம் வந்துச்சு. குத்திக் காட்டுறதுக்கு இதா நேரம்? ஃபோனை வச்சுட்டேன்.

பொறவு ஒரு நாள் லிங்கதுரை எங்க வீட்டுக்கு வந்தாரு. கருமாதியெல்லாம் முடிஞ்சு, தாடியோட. வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு நின்னாரு. உள்ள வாங்கன்னேன். உக்காரல. ஃபோனை எடுத்து நீட்டுனாரு. அன்னைக்கு வந்த அந்த ஸ்கிரீனைப் படம் புடிச்சு வச்சிருக்காரு.

"சார், இதுக்கு என்ன அர்த்தம்?"

சண்டைக்கு வரல தம்பி. தெரியாம கேக்குதாரு. தெரியாம கேக்குற ஆளுக்கு விளக்கமாச் சொல்றதுதானே மரியாதை? நான் பொறுமையா எல்லாம் சொன்னேன். இப்ப உங்களுக்குச் சொன்னேன் பாருங்க, அதே மாதிரி. பேருன்னா என்ன, நம்பர்னா என்ன. பக்கம் சென்னையில, பேரு இங்க. ஒயரு போனதால பேர் கேட்டவங்களுக்குப் பதில் போகல. பக்கத்துக்கு ஒண்ணும் ஆகல.

அவர் கேட்டாரு, "அப்ப, வேன் நிக்கிற சமாச்சாரம் அதுல இருந்துச்சா சார்?"

"இருந்துச்சு."

"நான் தொட்டுக்கிட்டு இருந்தப்பவும் இருந்துச்சா?"

"எல்லா நேரமும் இருந்துச்சுங்க. ஒரு எழுத்துகூட அழியல. மெஷினும் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. ஒரு நிமிசம்கூட நிக்கல."

அவர் அந்த மெஷினைப் பாத்தாரு. முன்னறையில திரும்பக் கொண்டுவந்து வச்சிருந்தேன். பச்சை லைட்டு எரியுது. ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தாரு. பொறவு கும்பிட்டாரு. என்னையா, அதையான்னு தெரியல. "வாறேன் சார்" னு சொல்லிட்டுப் போயிட்டாரு. டிராக்டர் சத்தம் தெருமுனை தாண்டுற வரைக்கும் கேட்டுச்சு.

திரும்பிப் பாத்தா அடுக்களை வாசல்ல லில்லி நிக்கா. கையில கரண்டி. மூஞ்சி ஒரு மாதிரி.

"நீங்க அவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"கேட்டதுக்குப் பதில் சொன்னேன்."

"ஒரு எழுத்துகூட அழியலன்னு சொன்னீங்களே."

"அழியலல்லா? பொய்யா சொன்னேன்?"

"இல்ல. நீங்க பொய் சொல்லல," ன்னா. போயி அடுப்பை அணைச்சா. குழம்பு பாதியில கெடந்துச்சு. மறுநாள் ஒரு பையில நாலு சேலையை வச்சுக்கிட்டுத் தம்பி வீட்டுக்குப் போறேன்னா. கொஞ்ச நாள் இருந்துட்டு வான்னுதான் பஸ் ஏத்திவிட்டேன். இன்னும் வரல.

சண்டை போட்டிருந்தா எனக்குப் புரியும் தம்பி. கல்யாணம் ஆகி இத்தனை வருசத்துல நாங்க போடாத சண்டையா? உன்னாலதான் அந்தப் பொண்ணு செத்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், நான் கம்பத்தைச் சொல்லுவேன், மழையைச் சொல்லுவேன், அணையத் தொறந்து விட்டவனைச் சொல்லுவேன். சொன்னாத்தானே பதில் சொல்ல முடியும்? ஃபோன் பண்ணா எடுக்குதா. சாப்பிட்டீங்களா, மருந்து போட்டீங்களான்னு கேக்குதா. எப்ப வர்றேன்னு கேட்டா, "பாப்போங்க" ன்னு வச்சிருதா.

எல்லாம் கிப்சன் வேலை. நான் அப்பவே சொன்னேன்லான்னு தினம் ஓதிக்கிட்டு இருப்பான். இல்லைன்னா ஒரு பொம்பளைக்கு நேம் சர்வருன்னா என்ன தெரியும்? என்ன கோவம் இருக்கப் போகுது?

எப்சிபா டாக்டரும் ஒரு வார்த்தை திட்டல. அதான் எனக்கு வருத்தம். கூப்பிட்டு உக்காரவச்சு, காப்பி கொடுத்து, "ஞானதிரவியம், இனி உங்களுக்குச் சிரமம் வேண்டாம்"னு சொன்னாவ. ரெண்டாவது மெஷின் வைக்கேன்மா, ஒரு மாசம் பொறுங்கன்னேன். தலையாட்டுனாவ. பாத்தா புதுசா வேற ஒரு பேரே வாங்கி, பெரிய கம்பெனிக்காரன்கிட்டக் கொடுத்து, எல்லாப் பேசண்டுக்கும் புது அட்டை அடிச்சுக் கொடுத்தாச்சு. ஸ்கூலும் சர்ச்சும் பின்னாலயே போயிட்டாவ. ஒருத்தர்கூட என் மேல குத்தம் சொல்லல. மரியாதையாத்தான் ஒதுங்குனாவ.

பழைய பேரு என்கிட்டதான் இருக்கு. என் பேர்ல பதிஞ்சது, யாரும் கேக்கவும் இல்ல. சென்னை மெஷினையும் நான் விடல. வாடகை கட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். அந்தப் பக்கம் அப்பிடியே கெடக்கு, அன்னைக்கு இருந்தபடியே.

இந்தப் பொட்டியில எல்லாம் தயார் பண்ணிட்டேன். என் வீட்டு மெஷின்ல அந்த ஒரு வரியும் சேத்தாச்சு. இப்ப போயி கிப்சன் வீட்டு லைன்ல சொருகிட்டா, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிடும். இங்க வெள்ளம் வரட்டும், இடி விழட்டும், கோயம்புத்தூர்ல இருந்து பதில் போகும். நானாப் போயி வச்சேன்னு லில்லி பாக்கணும்லா. அவன் சொன்னதை நான் கேட்டுட்டேன், சரிதானே? இதுக்கு மேல ஒரு மனுசன் என்ன செய்வான்? வச்சு முடிச்சதும் கிளம்பு லில்லின்னு சொல்லுவேன். சாயங்கால பஸ்ஸுக்கே ரெண்டு டிக்கெட் போட்டு வச்சிருக்கேன்.

நீங்க கேக்க வர்றது தெரியுது. மூஞ்சிலயே தெரியுது. எல்லாரும்தான் புதுப் பேருக்குப் போயிட்டாவளே, இந்தப் பழைய பேரை யார் கேக்கப்போறா, அதுக்கு எதுக்கு ரெண்டாவது மெஷின்னு. அதானே?

ஒருத்தர் கேக்குதாரு.

போன மாசம் வாழைக்காய் மண்டிப் பக்கம் போனேன். லிங்கதுரை டிராக்டர் நிக்குது. தாரெல்லாம் இறக்கிட்டாவ. அவரு டிரெய்லர்ல காலைத் தொங்கப் போட்டு உக்காந்துருக்காரு, கையில ஃபோன். நான் பின்னால போயி நின்னேன், அவர் பாக்கல. அவர் அந்தப் பழைய லிங்கைத் தொடுதாரு. தொட்டதும் பக்கம் வருது. வேன் நிக்குது, வந்து சேருங்கன்னு. அவர் அதை மெதுவா, எழுத்துக் கூட்டி வாசிக்காரு. வாசிச்சு முடிச்சு, மூடிட்டு, திரும்பத் தொடுதாரு. வருது. திரும்ப வாசிக்காரு.

நான் செருமுனேன். திரும்பிப் பாத்தாரு. எந்திரிக்கல, கோவப்படவும் இல்ல. ஃபோனை என் பக்கமாத் திருப்பிக் காட்டுனாரு.

"இப்ப வருது சார்" ன்னாரு.

பாருங்க, அவருக்கே தெரியுது, மெஷின் இப்ப நல்லா ஓடுதுன்னு. எனக்கு அன்னைக்குத்தான் மனசு கொஞ்சம் ஆறுச்சு. மண்டியில விசாரிச்சேன். தினமும் லோடு இறக்குனதும் அங்கன, வேன் நின்ன எடத்துல டிராக்டரை நிறுத்திட்டு இதைத்தான் பாக்காராம். ஒரு நாள்கூடத் தவற மாட்டாராம்.

அப்ப யோசிச்சுப் பாருங்க தம்பி. நாளைக்கு எங்க வீட்டுல கரண்டு போயிட்டு, ஒயரு அந்துட்டுன்னு வையுங்க. அவர் அங்க உக்காந்து தொடுதாரு. இப்பிடி ஒரு இடமே இல்லைன்னு திரும்பவும் வந்துச்சுன்னா, அந்த மனுசன் தாங்குவாரா?

உங்க ஸ்டாப்பு வந்துட்டு போல, விசில் அடிக்கான். பாத்து இறங்குங்க. பொட்டியில கால் பட்டுராம.